தடை போட்டும் உள்ளே வருகிறதா? மேவன் பில்டில் ஜார் தடையும் கிளாஸ் தடையும்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஜாவா ப்ராஜெக்டை பில்டு செய்து, தேவையான லைப்ரரிகளைக் கொண்டுவரும் கருவி மேவன். அதில் தடை இரண்டு மாதிரி. இந்த ஜார் (கம்பைல் செய்த கிளாஸ்களைக் கட்டிவைத்த லைப்ரரி ஃபைல்) பில்டுக்குள் வரக்கூடாது என்பது ஒன்று, இந்த கிளாஸை நம் கோடில் யாரும் தொடக்கூடாது என்பது இன்னொன்று. கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும். இப்படிப்பட்ட விதிகளைப் பார்த்து, மீறினால் பில்டை நிறுத்துவது என்ஃபோர்சர் என்ற மேவன் பிளகின். ஆனால் என்னிடம் "என்ஃபோர்சர் வேலை செய்யல" என்று வருகிறவர்களில் பெரும்பாலானோர் முதலாவதைப் போட்டுவிட்டு, அது இரண்டாவதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் என்று நம்பியவர்கள்தான். என்ஃபோர்சர் பிளகினின் பேன்டு டிபென்டன்சிஸ் ரூலுக்குத் தெரிந்ததெல்லாம் ஜாரின் விலாசம் மட்டும்: குரூப் ஐடி, ஆர்டிஃபேக்ட் ஐடி, வெர்ஷன், அப்புறம் டைப், ஸ்கோப் என்று ஒன்றிரண்டு. கதவில் ஒட்டியிருக்கும் பெயரைப் படிக்கும், கதவைத் திறந்து உள்ளே யார் என்று பார்க்காது.

வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. உங்களுக்கு வரும் அறிகுறி எதுவோ நேராக அங்கே போங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லாரும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரூல் எழுதியாயிற்று, பில்டு கண்டுகொள்ளவே இல்லை

முதலில் பில்டு லாகைத் திறந்து ஒவ்வொரு மாட்யூலுக்கும் என்ஃபோர்சர் என்று ஒரு வரி, அதில் அடைப்புக்குறிக்குள் உங்கள் எக்ஸிக்யூஷன் ஐடி (அந்த பிளகின் ஓட்டத்துக்கு நீங்கள் வைத்த பெயர்), இரண்டும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ரூல் ஓடவே இல்லை. வழக்கமான காரணம், பேரன்ட் போமில் (மாட்யூல்கள் எல்லாம் பொதுவாக எடுத்துக்கொள்ளும் மேவன் அமைப்பு ஃபைலில்) அதை பிளகின் மேனேஜ்மென்ட் பகுதிக்குள் எழுதியிருப்பது. அங்கே எழுதுவது "யாராவது இந்த பிளகினைக் கூப்பிட்டால் இப்படி ஓடு" என்று சொல்லி வைப்பதுதான், கூப்பிடுவது ஆகாது. பில்டு பகுதியின் நேரடி பிளகின்ஸ் பட்டியலிலும் ஒரு வரி வேண்டும்.

வரி இருக்கிறது, ஆனாலும் தடை விழவில்லை என்றால் சைல்டு போமைப் பாருங்கள். பேரன்ட்டில் இருக்கும் அதே எக்ஸிக்யூஷன் ஐடியை சைல்டிலும் வைத்து யாராவது இரண்டு ஜாரை எக்ஸ்க்லூட் பட்டியலில், அதாவது தடைப் பட்டியலில், சேர்த்திருப்பார்கள். பேரன்ட்டின் பட்டியலோடு தன்னுடையது கூடும் என்று நினைத்திருப்பார்கள், ஆனால் அந்த இடத்தில் சைல்டுதான் ஜெயிக்கும், பேரன்ட்டின் பட்டியல் சத்தமில்லாமல் காணாமல் போகும். ஐடியை மாற்றி வையுங்கள், அல்லது கம்பைன் சில்ட்ரன் ஆட்ரிபியூட்டுக்கு அப்பெண்ட் என்று கொடுங்கள். கடைசியில் மேவன் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதை எஃபெக்டிவ் போமை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஊகிக்க வேண்டாம்.

கமாண்ட் லைனில் என்ஃபோர்சர் கோலை (பிளகின் செய்யும் வேலையை) மட்டும் தனியாக ஓட்டி, ரூல் எதுவும் கான்ஃபிகர் செய்யப்படவில்லை என்று எரர் வந்தால் பதற வேண்டாம். எக்ஸிக்யூஷனுக்குள் எழுதிய கான்ஃபிகரேஷன் அப்படிக் கூப்பிடும்போது சேராது. கோல் பெயருக்குப் பின்னால் அட் குறி போட்டு எக்ஸிக்யூஷன் ஐடியைச் சேர்த்துக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று ஸ்கிப், அதாவது என்ஃபோர்சரை ஓட்டாமல் தாண்டச் சொல்லும் செட்டிங். ப்ராஜெக்ட் வேரில் புள்ளியோடு ஒளிந்திருக்கும் எம்விஎன் ஃபோல்டருக்குள் மேவன் கான்ஃபிக் ஃபைல் இருந்தால் திறந்து பாருங்கள், அப்புறம் சிஐ (கோடு மாறும்போதெல்லாம் தானாக பில்டு ஓட்டும் அமைப்பு) ஜாபின் பில்டு கமாண்டையும். நான் முன்பு இருந்த ஓர் இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிலீஸ் போக வேண்டும் என்று யாரோ சிஐயில் என்ஃபோர்சர் ஸ்கிப்பை ட்ரூ ஆக்கினார்கள், மாதக்கணக்கில் அது அப்படியே கிடந்தது. அந்தக் காலம் முழுக்க ரிவ்யூவில் நாங்கள் "அது என்ஃபோர்சர் பிடிச்சிடும்" என்று பேசிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: புது ரூல் சேர்த்தால், தடை செய்த ஜாரை வேண்டுமென்றே ஒரு மாட்யூலில் சேர்த்து, சிஐயில் சிவப்பு வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மெர்ஜ் செய்வேன்.

சரியான வெர்ஷனைப் போட்டாலும் தடை விழுகிறது

வெர்ஷன் எழுதிய விதத்தைப் பாருங்கள். மேவனில் சாதாரணமாக 2.14.1 என்று எழுதினால் "முடிந்தால் இது" என்றுதான் அர்த்தம். என்ஃபோர்சர் அதை "இதுவும், இதற்கு மேலே உள்ளவை எல்லாமும்" என்று எடுத்துக்கொள்ளும். ஆக, லாக் எழுதும் லைப்ரரியான லாக்ஃபோர்ஜே கோர் 2.14.1-இல் பாதுகாப்பு ஓட்டை என்று அதை மட்டும் தடுக்க நினைத்து வெறும் எண்ணை எழுதினால், ஓட்டை அடைத்த 2.17.1-ஐயும் சேர்த்துத் தடுத்துவிடுவீர்கள், அதைவிடப் பழைய ஓட்டை வெர்ஷன்கள் ஜாலியாக உள்ளே வரும். நேர்மாறான விளைவு.

ஒரே ஒரு வெர்ஷன் என்றால் [2.14.1]. குறிப்பிட்ட ஒன்றுக்குக் கீழே எல்லாம் என்றால் (,2.17.1). 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஷெல் என்ற அந்த ஓட்டை வெளிவந்தபோது, அதாவது சிவிஇ-2021-44228, பலர் 2.15.0 போட்டார்கள், பிறகு 2.16.0, 2.17.0, 2.17.1 என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொரு முறையும் பட்டியலில் ஒரு வரி கூட்டியவர்கள் திண்டாடினார்கள், ரேஞ்ச் எழுதியவர்கள் ஒரு எண்ணை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பழைய ஜாவாவில் மாட்டிக்கொண்டவர்களுக்காக ஜாவா 7-க்கு 2.12.4, ஜாவா 6-க்கு 2.3.2 என்று திருத்தப்பட்ட வெர்ஷன்கள் தனியாக உண்டு. மேலே சொன்ன ரேஞ்ச் அவற்றையும் தடுக்கும், அதனால் அவற்றை இன்க்லூட்ஸ் பகுதியில் [2.12.4] என்று விதிவிலக்காக எழுத வேண்டும். இந்த ரூலில் இன்க்லூட்ஸ் என்றால் "இது கட்டாயம் இருக்க வேண்டும்" என்று பொருள் இல்லை, "தடையிலிருந்து இதற்கு விலக்கு" என்று பொருள். பெயர் வைத்தவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

லேப்டாப்பில் ஓடுகிறது, சர்வரில் நோ சச் மெத்தட் எரர்

இதுதான் தலைவலியில் பெரியது, அதனால் நடந்ததையே சொல்கிறேன். எங்கள் சர்வீஸ் ஒன்று எம்பெடட் டாம்கேட் (சர்வீஸுக்குள்ளேயே ஓடும் வெப் சர்வர்) 8.5-இல் ஓடிக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் அழகாக எழுந்து நிற்கும், டெஸ்ட் சர்வரில் எழுந்த சில நொடியில் சாய்ந்துவிடும். ஸ்டாக் ட்ரேஸ் சொன்னது, சர்வ்லெட் கான்டெக்ஸ்ட்டில் கெட் விர்ச்சுவல் சர்வர் நேம் என்ற மெத்தட் இல்லையாம். சர்வ்லெட் என்பது ஜாவாவின் வெப் ஏபிஐ. அந்த மெத்தட் அதன் 3.1-இல் வந்தது, டாம்கேட் 8.5 சர்வ்லெட் 3.1-க்கானது, அப்படியிருக்க எப்படி இல்லாமல் போகும்? போமை நாலு தடவை பார்த்தோம். வெர்ஷன் எல்லாம் சரி. ஒரே ஜாருக்கு வெவ்வேறு வெர்ஷன் கேட்கப்படுகிறதா என்று பார்க்கும் கன்வர்ஜென்ஸ் ரூலும் பச்சை.

பிறகு சர்வரில் ஜாவா கோடை ஓட்டும் ஜேவிஎம்மை வெர்போஸ் கிளாஸ் ஆப்ஷனோடு எழுப்பி, லாகில் சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் என்று தேடினால் ஒரே நிமிடத்தில் விடை. அந்த கிளாஸ் டாம்கேட்டின் கோர் ஜாரிலிருந்து வரவில்லை, சர்வ்லெட்-ஏபிஐ-2.5 என்ற ஜாரிலிருந்து வந்திருக்கிறது. ஜாவா 9-க்கு மேல் என்றால் எக்ஸ்லாக் ஆப்ஷனில் கிளாஸ் லோடு கொடுத்தால் இதே தகவல் கிடைக்கும். எந்த ஜார் எதை இழுத்து வருகிறது என்று காட்டும் டிபென்டன்சி ட்ரீயில் தேடிப் பார்த்தோம், ரிப்போர்ட் அச்சிட எந்தக் காலத்திலோ சேர்த்த ஒரு பழைய லைப்ரரியின் வாலைப் பிடித்துக்கொண்டு அது உள்ளே வந்திருந்தது.

மேவனைப் பொறுத்தவரை இங்கே மோதலே கிடையாது. ஒரே குரூப் ஐடியும் ஆர்டிஃபேக்ட் ஐடியும் இருந்தால்தான் இரண்டு வெர்ஷனுக்கு நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். பெயர் வேறென்றால் இரண்டு ஜாரும் கிளாஸ்பாத்தில் (ஜேவிஎம் கிளாஸ்களைத் தேடும் பட்டியலில்) உட்காரும், உள்ளே ஒரே பெயரில் கிளாஸ்கள் இருந்தாலும் கவலையில்லை. ஜேவிஎம் கிளாஸ்பாத்தில் முதலில் கண்ணில் படுவதை எடுக்கும். சரி, லேப்டாப்பில் ஏன் ஓடியது? ஐடிஇ (கோடு எழுதி ஓட்டிப் பார்க்கும் எடிட்டர்) கிளாஸ்பாத்தை டிபென்டன்சி வரிசையில் அடுக்கும், டாம்கேட் முன்னால் இருந்தது. சர்வரின் ஸ்டார்ட் ஸ்கிரிப்டோ லிப் ஃபோல்டருக்கு நட்சத்திரக் குறி போட்டிருந்தது. அப்படிப் போட்டால் ஜார்கள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு ஜாவா எந்த உத்தரவாதமும் தருவதில்லை, மெஷினுக்கு மெஷின் மாறலாம்.

சரிசெய்தது மூன்று படியில். அந்த லைப்ரரியின் கீழே சர்வ்லெட்-ஏபிஐக்கு எக்ஸ்க்லூஷன் (இதை இழுத்து வராதே என்ற குறிப்பு) போட்டோம், அது அன்றைய பிழைக்கு. பேன்டு டிபென்டன்சிஸில் அந்த விலாசத்தைச் சேர்த்தோம், அது இன்னொரு லைப்ரரி அதே ஜாரை இழுத்து வரும் நாளுக்கு. ஆனால் இன்னும் பெயர் தெரியாத ஜார் எதுவோ அதே வேலையைச் செய்தால்? அதற்கு ஜாரைத் திறந்து பார்க்கும் ரூல் வேண்டும்: எக்ஸ்ட்ரா என்ஃபோர்சர் ரூல்ஸ் என்று தனியாக வரும் தொகுப்பில் உள்ள பேன் டூப்ளிகேட் கிளாசஸ். என்ஃபோர்சர் பிளகினின் டிபென்டன்சியாக அந்தத் தொகுப்பைச் சேர்த்தால்தான் அது வேலை செய்யும், சேர்க்காமல் ரூல் பெயரை மட்டும் எழுதினால் அப்படியொரு ரூலே தெரியாது என்று மேவன் கைவிரிக்கும்.

இதே கதை வேறு பெயர்களிலும் வரும். மைஎஸ்க்யூஎல் கனெக்டர் 8.0.31-இலிருந்து குரூப் ஐடி, ஆர்டிஃபேக்ட் ஐடி இரண்டையும் மாற்றிக்கொண்டது. பவுன்சி காஸில் ஜேடிகே15ஆன் என்ற பெயரிலிருந்து ஜேடிகே18ஆன் ஆனது. பழைய பெயரில் ஒன்று, புதுப் பெயரில் ஒன்று என்று இரண்டும் உள்ளே இருந்தால் பெயரை மட்டும் பார்க்கும் ரூல்கள் எல்லாம் பச்சைதான் காட்டும்.

டூப்ளிகேட் ரூலைப் போட்டதும் நூற்றுக்கணக்கில் எரர்

எதிர்பார்த்ததுதான். நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் இக்னோர் செய்துவிட்டு "ரூல் இருக்கிறது" என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். முதலில் ஃபைண்ட் ஆல் டூப்ளிகேட்ஸை ட்ரூ ஆக்குங்கள், இல்லையென்றால் ஒன்றைத் திருத்தி, மறுபடி பில்டு ஓட்டி, அடுத்ததைப் பார்த்து என்று பொழுது போய்விடும். பிறகு இக்னோர் வென் ஐடென்டிகல். பைட்கோடு (கம்பைல் ஆன கோடு) அப்படியே ஒன்றாக இருக்கும் கிளாஸ்களை அது விட்டுவிடும். எந்த ஜாரிலிருந்து வந்தாலும் ஒன்றுதான் என்பதால் அவை முதல் நாளே ஆளைக் கொல்லாது.

மிஞ்சுவதில் பெரும் பகுதி லாகிங்காக இருக்கும். காமன்ஸ் லாகிங் ஜாரும், அதற்குப் பதிலாக வேலை செய்யும் ஜேசிஎல் ஓவர் எஸ்எல்எஃப்ஃபோர்ஜே ஜாரும் ஒரே பேக்கேஜில் ஒரே பெயர் கிளாஸ்களை வைத்திருப்பவை. ஒன்று மற்றொன்றின் நாற்காலியில் உட்காரத்தான் எழுதப்பட்டது. ஸ்பிரிங்கின் ஸ்பிரிங்-ஜேசிஎல்லும் அப்படியே. இவற்றை இக்னோர் செய்யாதீர்கள், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை பேன்டு டிபென்டன்சிஸில் போடுங்கள். இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தால் லாக் எங்கே எழுதப்படுகிறது என்பதே குலுக்கல்.

கன்வர்ஜென்ஸ் ரூல் பக்கம் பக்கமாகக் கத்துகிறது

டிபென்டன்சி கன்வர்ஜென்ஸ் கேட்பது கறாரானது: ட்ரீயில் ஒரு ஜார் எங்கெல்லாம் வந்தாலும் ஒரே வெர்ஷனாக இருக்க வேண்டும். பெரிய ப்ராஜெக்டில் முதல் நாளே இதைப் போட்டால் டீமில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். ரிக்வயர் அப்பர் பவுண்ட் டெப்ஸிலிருந்து தொடங்குங்கள். அது கேட்பது, மேவன் கடைசியில் தேர்ந்தெடுத்த வெர்ஷன், யாரோ ஒருவர் கேட்ட வெர்ஷனைவிடக் குறைந்ததாக இருக்கக்கூடாது என்பது மட்டும்.

இது ஏன் முக்கியம் என்றால், மேவன் பெரிய வெர்ஷனை எடுப்பதில்லை, ட்ரீயில் கிட்டே இருப்பதை எடுக்கிறது. ஒரு லைப்ரரி இரண்டாவது படியில் குவாவா 20-ஐக் கேட்கிறது, இன்னொன்று மூன்றாவது படியில் குவாவா 31-ஐக் கேட்கிறது என்றால் உள்ளே வருவது 20. ஆழம் சமமாக இருந்தால் போமில் முன்னால் எழுதியது ஜெயிக்கும். கிரேடில் என்ற இன்னொரு பில்டு கருவி இதில் வேறு, வேறெதுவும் சொல்லாவிட்டால் உயர்ந்த வெர்ஷனை எடுத்துக்கொள்ளும், அதனால் கிரேடிலிலிருந்து வந்தவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். தீர்வு ஒன்றுதான், டிபென்டன்சி மேனேஜ்மென்ட் பகுதியில் வெர்ஷனை நீங்களே நிலைநிறுத்துவது. ஒவ்வொரு லைப்ரரிக்கும் கீழே எக்ஸ்க்லூஷன் தூவிக்கொண்டு போகாதீர்கள், ஆறு மாதம் கழித்து எது எதற்கு என்று எழுதினவருக்கே தெரியாது.

ஜாரைத் தடுக்க முடியாது, கிளாஸை மட்டும் தடுக்க வேண்டும்

டெஸ்ட் எழுதும் லைப்ரரியான ஜேயூனிட்டில் டீம் 5-க்கு மாறியாயிற்று. ஒரு நாள் டெஸ்ட் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, ஃபெயில் ஒன்றும் இல்லை, எல்லாம் பச்சை. காரணம், யாரோ எழுதிய புது டெஸ்ட் ஃபைலில் ஐடிஇ பழைய ஜேயூனிட் 4-இன் டெஸ்ட் அன்னோட்டேஷனை இம்போர்ட் செய்துவிட்டது. பழைய டெஸ்ட்டுகளை ஓட்டும் வின்டேஜ் என்ஜின் இல்லையென்றால் அந்த டெஸ்ட் ஓடாது, ஓடவில்லை என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

சரி, ஜேயூனிட் 4 ஜாரையே தடை செய்துவிடலாமே? செய்து பாருங்கள். டெஸ்ட்டுக்காக டாக்கர் கன்டெய்னர்களை எழுப்பும் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் லைப்ரரியின் 1-ஆம் வரிசை வெர்ஷன்களைப் பயன்படுத்தினால் அது ஜேயூனிட் 4-ஐக் கையோடு கூட்டிவரும், அதன் கன்டெய்னர் கிளாஸே ஜேயூனிட் 4-இன் இன்டர்ஃபேஸ் ஒன்றை வைத்துத்தான் எழுதப்பட்டது. எக்ஸ்க்லூட் செய்தால் கம்பைல் ஆகாது. ஜார் இருந்தாக வேண்டும், நம் ஆட்கள் அதைத் தொடக்கூடாது. இங்கேதான் இம்போர்ட்டைத் தடுக்கும் ரூல் வேண்டும்: என்ஃபோர்சரோடு சேரும் ரெஸ்ட்ரிக்ட் இம்போர்ட்ஸ் ரூல் அல்லது கோடு நடையைச் சரிபார்க்கும் செக்ஸ்டைலின் இல்லீகல் இம்போர்ட். எழுதும்போது ஒரு குழி இருக்கிறது. ஓஆர்ஜி புள்ளி ஜேயூனிட் பேக்கேஜ் முழுவதையும் தடுத்தால் அதன் கீழேயே இருக்கும் ஜேயூனிட் 5-இன் ஜூப்பிட்டரும் மாட்டிக்கொள்ளும், ஜேயூனிட் 5 டெஸ்ட் ஒன்றும் தேறாது. ஜூப்பிட்டருக்கு விலக்கு எழுதுங்கள்.

அதே டெஸ்ட்கன்டெய்னர்ஸின் ஜாருக்குள் ஷேடட் என்ற பேக்கேஜில் குவாவா போன்றவற்றின் நகல்கள் உண்டு. லிஸ்ட்ஸ் என்று தட்டினால் ஐடிஇ அதைத்தான் முதலில் நீட்டும், நாமும் என்டர் தட்டிவிட்டுப் போய்விடுவோம். அடுத்த அப்கிரேடில் அந்த நகல் நகர்ந்தாலோ காணாமல் போனாலோ கம்பைல் உடையும். பேக்கேஜ் பெயரில் ஷேடட், ரீபேக்கேஜ்டு என்று வரும் எதையும் இம்போர்ட் செய்யக்கூடாது என்று பொதுவாக ஒரு ரூல் எழுதிவிடுங்கள். கூடவே இன்டெலிஜேவில் ஆட்டோ இம்போர்ட் செட்டிங்கில் அந்தப் பேக்கேஜ்களை எக்ஸ்க்லூட் பட்டியலில் போட்டால் அந்தக் கை தானாகத் தவறாது.

இம்போர்ட்டைத் தடுத்தும் கோடில் அந்த கிளாஸ் இருக்கிறது

இம்போர்ட் ரூல் வழக்கமாக சோர்ஸ் ஃபைலின் தலைப்பகுதியைத்தான் படிக்கிறது. நடுவில் யாராவது முழுப் பேக்கேஜ் பெயரோடு கிளாஸை எழுதினால், இம்போர்ட் வரியே தேவையில்லை, ரூலுக்கும் தெரியாது. வேண்டுமென்றே செய்கிறவர்கள் குறைவு, ஆனால் ஐடிஇ பெயர் மோதலைத் தவிர்க்கத் தானாகவே அப்படி எழுதும்.

பைட்கோடைப் பார்க்கும் கருவிக்கு இந்தத் தந்திரம் பலிக்காது. ஃபர்பிடன் ஏபிஐஸ் அப்படிப்பட்டது, கிளாஸை மட்டுமல்ல, தனி மெத்தடையும் தடுக்கலாம். அதன் கூடவே வரும் ஜேடிகே அன்சேஃப் பட்டியலைப் போட்டுப் பாருங்கள், லொகேல் (மொழி, நாட்டு அமைப்பு) கொடுக்காத டு லோயர் கேஸ் எல்லாம் வெளியே வந்து விழும். துருக்கி லொகேலில் பெரிய ஐ சின்ன எழுத்தாகும்போது புள்ளியில்லாத ஐயாக மாறும் பழைய பிழை இப்படித்தான் பிடிபடும். ஆனால் பைட்கோடுக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு: ஸ்டாடிக் ஃபைனல் எண்ணும் ஸ்ட்ரிங்கும் கம்பைல் ஆகும்போதே மதிப்பாகக் கரைந்துவிடும், எந்த கிளாஸிலிருந்து எடுத்தது என்ற தடயமே இருக்காது. மேவன் டிபென்டன்சி அனலைஸ் "பயன்படுத்தாத டிபென்டன்சி" என்று சொல்லும் ஜாரை நம்பி நீக்கினால் சில நேரம் கம்பைல் உடைவதும் இதனால்தான். ரிஃப்ளெக்‌ஷனில் ஸ்ட்ரிங்காக எழுதிய கிளாஸ் பெயரை இந்த இரண்டு வகையும் பார்க்காது.

தடை பச்சை, செக்யூரிட்டி ஸ்கேனர் சிவப்பு

ஏதோ ஒரு ஃபேட் ஜாருக்குள் (மற்ற லைப்ரரிகளையும் விழுங்கிய ஜாருக்குள்) லாக்ஃபோர்ஜே ஒளிந்திருக்கிறது. ஷேடு செய்து வெளியிட்ட ஜாரின் போமில் உள்ளே விழுங்கியவற்றின் பெயர் இருக்காது, அதனால் ட்ரீயிலும் இல்லை, பேன்டு டிபென்டன்சிஸுக்கும் தெரியாது. பேக்கேஜையும் இடம் மாற்றியிருந்தால் டூப்ளிகேட் ரூலும் கையைப் பிசையும். ஜார்களின் உள்பட்டியலை எடுத்து ஜேஎன்டிஐ லுக்கப் என்ற கிளாஸ் பெயரின் கடைசித் துண்டைத் தேடுவதுதான் வழி. ஸ்கேனர் குறிப்பது லாக்ஃபோர்ஜே ஏபிஐ ஜாரை மட்டும் என்றால், அந்த ஓட்டை கோர் ஜாரில் இருப்பது என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

வேலிடேட் மட்டும் ஓட்டினால் பக்கத்து மாட்யூல் கிடைக்கவில்லை

என்ஃபோர்சர் வழக்கமாக பில்டின் ஆரம்பமான வேலிடேட் கட்டத்தில் ஓடும், டிபென்டன்சி ரூல்களுக்கு எல்லா ஜாரும் வேண்டும், பக்கத்து மாட்யூல் இன்னும் கம்பைல்கூட ஆகியிருக்காது. வெரிஃபை ஓட்டுங்கள். தினமும் வேலிடேட் மட்டும் ஓட்டும் தேவை இருந்தால் டிபென்டன்சி ரூல்களைத் தனி எக்ஸிக்யூஷனாக்கிப் பின்னால் ஒரு கட்டத்துக்குத் தள்ளுங்கள்.

அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன், 61 என்கிறது

61 என்றால் ஜாவா 17, 55 என்றால் 11, 52 என்றால் 8. ஏதோ ஒரு டிபென்டன்சி உங்கள் ஜேவிஎம்மைவிடப் புதிதாக கம்பைல் ஆகியிருக்கிறது. அதே எக்ஸ்ட்ரா தொகுப்பில் என்ஃபோர்ஸ் பைட்கோடு வெர்ஷன் இருக்கிறது, மேக்ஸ் ஜேடிகே வெர்ஷனைக் கொடுத்தால் பில்டிலேயே நின்றுவிடும்.

ஆர்க்யூனிட் ரூல் போட்டேன், பழைய கோடு முழுக்க மீறல்

கன்ட்ரோலர் நேராக ரெப்போசிட்டரியைக் கூப்பிடக்கூடாது மாதிரியான தடைகளுக்கு ஆர்க்யூனிட்தான் சரி, சாதாரண டெஸ்ட்டாகவே ஓடும். பழைய மீறல்களை ஃப்ரீசிங் ஆர்க் ரூலால் உறைய வையுங்கள்: இருப்பவை ஒரு ஃபைலில் (இதுதான் ஸ்டோர்) பதிவாகும், புதிதாக வருவது மட்டும் ஃபெயில் ஆகும், பழையதைத் திருத்தினால் பட்டியலிலிருந்து தானாக நீங்கும். அந்த ஃபைலை கிட் ரெப்போவில் சேர்க்க மறந்தால் சிஐயில் ஸ்டோர் இல்லை என்று நிற்கும். அப்போது சிலர் ஸ்டோரை உருவாக்க அனுமதிக்கும் ப்ராப்பர்ட்டியை சிஐயிலும் ட்ரூ ஆக்கிவிடுவார்கள், பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் அன்றைய மீறல்கள் எல்லாமே "பழையவை" என்று பதிவாகி, டெஸ்ட் ஃபெயில் ஆகவே ஆகாது. அந்த ப்ராப்பர்ட்டி லேப்டாப்பில் முதல்முறை ஓட்டும்போது மட்டும், அதன் பிறகு ஃபால்ஸ்.

பில்டு உடைகிறது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை

என்ஃபோர்சர் ரூல்களில் மெசேஜ் என்று ஓர் இடம் இருக்கிறது, காலியாக விடாதீர்கள். தடை செய்த ஜாருக்குப் பதில் எது, யாரைக் கேட்பது, ஏன் தடை, இந்த மூன்றும் அங்கே இருந்தால் புதிதாகச் சேர்ந்தவர் ஸ்கிப்பைத் தேடிப் போக மாட்டார். எங்கள் சர்வ்லெட் தடையில் இப்போது இருப்பது இதுதான்: "சர்வ்லெட்-ஏபிஐ 2.5 வேண்டாம். டாம்கேட் கோரில் அதே கிளாஸ்கள் இருக்கின்றன, இது முந்திக்கொண்டால் சர்வர் எழாது. எந்த லைப்ரரி இழுக்கிறது என்று டிபென்டன்சி ட்ரீயில் பார்த்து, அதன் கீழே எக்ஸ்க்லூட் செய்யவும்."